ஒரு நாள் காடு, மீதி நாள் அட்டைக்கடி

அக்டோபர் 11, 2024, வெள்ளி: பொள்ளாச்சி டூ வால்பாறை

ஆயுத பூஜை விடுமுறைக்கு வால்பாறை போகலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாகத் திரிகிறவர். "கூட்டமெல்லாம் ஊட்டிக்குப் போயிரும் கண்ணு, நம்ம பக்கம் ஒருத்தனும் திரும்பமாட்டான்" என்று அடித்துச் சொன்னார். ஆழியாறு சோதனைச் சாவடியில் நின்ற கார் வரிசையைப் பார்த்த பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் போனது அரசுப் பேருந்தில். முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை, கண்ணாடியில் பாதிக்குச் சந்தனப்பொட்டு. ஓட்டுநருக்கு ரோடு எப்படித் தெரிந்தது என்பது அவருக்கே வெளிச்சம். நடத்துநர் டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு கை பொரியும் கடலையும் கொடுத்தார். சோதனைச் சாவடியில் ஏறி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்த வனத்துறை ஊழியருக்கும் அதே பொரிதான்.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஐந்தாவது வளைவிலேயே எனக்கு வயிறு பிரட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். என் முகத்தைப் பார்த்தே பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறிக் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே இருங்க தம்பி, கண்ணை மூடாதீங்க, ரோட்டைப் பாருங்க." மூடிக்கொண்டால் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் சொன்னதுதான் வேலை செய்தது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை, அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளி முழுக்கத் தென்னை. அங்கே கைப்பிடிச் சுவரை ஒட்டி வரையாடுகள் நின்றிருந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்தது, இங்கே கார் பேனட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் அதன் கொம்பைப் பிடித்து செல்ஃபி எடுக்கப் போய், அது சும்மா தலையைத் திருப்பிப் பார்த்ததற்கே செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பஸ்ஸே சிரித்தது.

அட்டகட்டிக்கு மேல் காற்று மாறியது. கவர்கல் வந்தபோது வெளியே ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும்தான். ஓட்டுநர் வேகத்தை நடைவேகத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரனை நீட்டி அடித்துவிட்டு, எதிர் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு ஓட்டினார்.

விடுதியில்தான் சிக்கல். போனில் பேசியவர் இரண்டு அறை என்றார், சாவி கொடுத்தவர் ஒரு அறையும் ஒரு மெத்தையும்தான் என்றார். விடுமுறை நாள், 3,200 ரூபாய், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணை. வேறு எங்கும் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். மெத்தை என் பங்குக்கு வந்தது.

ராத்திரி புரோட்டாவும் மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவலும். இந்தக் குளிருக்கு அந்த மிளகு தொண்டையில் இறங்கியது சுகமாக இருந்தது. இன்னும் இரண்டு புரோட்டா கேட்டபோது கடைக்காரர் கல்லை அணைத்துக்கொண்டிருந்தார். "எட்டரைக்குச் சாத்திருவோம் சார். பையனுங்க நடந்து வீட்டுக்குப் போகணும், லேட்டானா வழியில சிறுத்தை நிக்கும்." கடைசி பஸ் போய்விடும் என்று நம்மூரில் சொல்வோமே, அந்தக் குரலில்.

அக்டோபர் 12, சனி: காட்டுக்குள்

ஐந்து மணிக்கு பஸ் நிலையத்தில் டீ, 15 ரூபாய். தேயிலைக்கு நடுவில் இருக்கிற ஊரில் டீ பிரமாதமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நல்ல தூளெல்லாம் மூட்டை கட்டி மலையிறங்கிவிடுகிறது.

ஜீப் அண்ணன் வந்தார். அரை நாளுக்கு 3,000 கேட்டார். சித்தப்பா விஜயதசமியைக் காட்டிப் பேரம் பேச, அவரும் அதே விஜயதசமியைக் காட்டி மறுக்க, 2,500-க்கு முடிந்தது. ஜீப்பிலும் வாழைக்கன்று. முந்தின நாள் உடைத்த பூசணிக்காயின் குங்குமம் பூசிய சில்லுகள் ரோடு நெடுகக் கிடந்தன, ஒரு திருப்பத்தில் அதைக் காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வால்பாறை என்றதும் பெரிய காட்டுக்குள் ஊர் இருப்பதாக நினைத்துத்தான் போனேன். உண்மையில் தலைகீழ். 1890-களில் தொடங்கி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இந்த மேட்டுநிலத்து மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை, அதற்கு நடுவே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் தீவு மாதிரி நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், அதற்குள் நினைத்தபடி இறங்கி நடக்க முடியாது. நாங்கள் போனது ஒரு தனியார் எஸ்டேட்டுக்குச் சொந்தமான துண்டுச்சோலை. எஸ்டேட் அனுமதியோடு, அவர்கள் அனுப்பிய வழிகாட்டியோடு.

வழிகாட்டி காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. எங்களுக்கு முட்டி வரை ஏறும் துணி உறை ஒன்றைக் கொடுத்தார். ரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமலிருக்க அட்டை உறை. அதை மாட்டி, மேலே ஷூவைப் போட்டு, அதற்கு மேல் மூக்குப்பொடியைத் தடவிக்கொள்ள வேண்டும். அவர் காலில் ரப்பர் செருப்பு மட்டும்தான். கேட்டதற்கு, "எங்களைக் கடிச்சுக் கடிச்சு அதுகளுக்கே சலிச்சுப் போச்சு சார்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை, கிண்டலா நிஜமா என்று இன்னும் தெரியவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது இருட்டு. வெளியே தேயிலையில் நல்ல வெயில், பத்தடி உள்ளே வந்தால் மாலை ஆறு மணி. மரங்கள் முப்பது நாற்பது மீட்டருக்கு நேராக ஏறி, மேலே இலைகளால் ஒரு கூரை போட்டிருக்கின்றன. அடிமரத்திலிருந்து ஆள் உயரத்துக்குப் பலகை வேர்கள் இறங்குகின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சித்தப்பா தாராளமாக உட்கார்ந்தார், உடனே எழுந்தார். அட்டை.

அட்டையைப் பற்றி எழுதாமல் மழைக்காட்டைப் பற்றி எழுதக் கூடாது. நாம் நின்ற அரை நிமிடத்தில் சருகுகளுக்கு நடுவே தீக்குச்சி கனத்தில் ஒன்று எழும். பின்பக்கத்தை இலையில் ஊன்றிக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் இப்படியும் அப்படியும் துழாவும். நம் உடல் சூடு, மூச்சு, நடக்கிற அதிர்வு, எல்லாம் அதற்குத் தெரிகிறது. அப்புறம் முன்னை ஊன்றி, பின்னை இழுத்து, மறுபடி முன்னை ஊன்றி, நேராக நம்மை நோக்கித்தான். ஒன்று என் ஷூவில் ஏறியதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஷூ லேஸ் ஓட்டை ஒவ்வொன்றிலும் தலையை விட்டுப் பார்த்து, துணி உறையின் தையலில் முயன்று, முடியாமல் மேலே ஏறிக்கொண்டே வந்தது. அந்தப் பொறுமை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கடிப்பது வலிப்பதே இல்லை. அதன் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாமல் வைக்கும் பொருள் இருக்கிறது, அதனால் அட்டை குடித்து முடித்துக் கழன்று போன பிறகும் ரத்தம் நிற்காது. நமக்குத் தெரிவதே சட்டையில் கறை பார்த்துத்தான். பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள் என்று வழிகாட்டி அண்ணன் செய்து காட்டினார். கொஞ்ச நேரத்தில் எத்தனை எடுத்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் விலங்கு என்று ஒன்றுமே கிடையாது. டிவியில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கிறது, ஆனால் கண்ணுக்கு இலைதான், இலைக்குப் பின்னால் இலை. எல்லாம் தலைக்கு மேலே நடக்கிறது, நாம் மாடியில் கல்யாணம் நடக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் நிற்கிறோம். அண்ணன் எங்களைக் கீழே பார்க்கச் சொன்னார். முள்முள்ளாக ஒரு பழத்தின் ஓடு, உடைத்துத் தின்று போட்டது. வெடிப்பலா. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்கு உயிர் இந்த மரம், பூ, பிஞ்சு, விதை எதையும் விடாது. ஓட்டின் உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது, "விடிஞ்சப்புறம் தின்னது" என்றார். அடுத்து ஒரு மரத்தின் பட்டையில் கறுப்பாக வடிந்து கெட்டியான பிசினைக் கிள்ளிக் கொடுத்தார். குங்கிலியம். முகர்ந்ததும் கோயில் பிராகாரம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு மரத்தண்டைக் காட்டி "பாருங்க" என்றார். ஒன்றுமில்லை. "பாருங்க சார்." பட்டைதான் தெரிந்தது. அந்தப் பட்டையில் ஒரு துண்டு, கழுத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு தோல் நாக்கை விசிறி மாதிரி நீட்டி மடக்கியது. பறக்கும் ஓணான்! விலா எலும்புகள் நீண்டு தாங்கும் தோலை விரித்துக்கொண்டு அங்கிருந்து பாய்ந்து, வழுக்கிக்கொண்டே இறங்கி, அடுத்த மரத்தில் போய் ஒட்டி மறுபடி பட்டையாகிவிட்டது. நான் போனை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது, சித்தப்பா பைனாகுலரின் மூடியையே இன்னும் கழற்றவில்லை.

இருவாச்சிப் பறவையை முதலில் காதால்தான் கேட்டோம். யாரோ பெரிய முறத்தால் வானத்தைப் புடைக்கிற சத்தம், தொலைவிலிருந்து கிட்டே, கிட்டே. அண்ணன் கையை உயர்த்தினார், நின்றோம். கூரையில் ஒரு இடைவெளி, அதைக் கடந்து ஒன்று போனது, பின்னாலேயே இன்னொன்று. இறக்கையின் அடியில் பெரிய இறகுகளின் வேரை மூடும் சின்ன இறகுகள் போதாததால் காற்று ஊடே புகுந்து அந்தச் சத்தம் வருகிறதாம். அவை அத்தி மரத்தில் உட்கார்ந்ததால் தப்பித்தோம். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண். அந்தப் பெரிய அலகின் மேல் தெரியும் மஞ்சள் நிறத்தில் ஒரு பகுதி அதுவே பூசிக்கொள்வது, வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை எடுத்து அலகிலும் கழுத்திலும் தேய்த்துக்கொள்கிறது. ஒரு பழத்தை நுனியில் கவ்வி, மேலே தூக்கிப் போட்டு, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. சித்தப்பா வாயும் திறந்தே இருந்தது.

கூடு கட்டுவது வருட ஆரம்பத்தில். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை உள்ளிருந்தே எச்சத்தாலும் குப்பையாலும் அடைத்துவிட்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு, மூன்று நான்கு மாதம் உள்ளேயே இருக்கும். ஆண் அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். அதற்குப் பருத்த, வயசான மரம் வேண்டும். அண்ணன் ஒரு பொந்தைக் காட்டினார், அவர் அப்பா காலத்திலிருந்தே அதில் குடித்தனம் நடக்கிறதாம்.

வெளியே வந்ததும் ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துகொண்டது. ஜீப் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து சணல் கயிறு எடுத்துக் கட்டிவிட்டார். அதோடுதான் மீதி நாள் முழுக்க நடந்தேன்.

ஒன்பதரைக்குப் புதுத்தோட்டம். சோலைமந்தியைப் பார்க்க வால்பாறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் ரோடு இது. நூறு ஹெக்டேர்கூட இல்லாத சோலை, அதன் ஓரத்தில் பொள்ளாச்சி ரோடு போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, காடுகளில் மொத்தமே 4,000-க்குள்தான் இருக்கும் என்கிறார்கள், அது இங்கே மைல்கல் மேல் உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்க்கிறது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளி நரையில் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அந்தக் குஞ்சத்தால்தான் சிங்கவால் என்று பெயர்.

ரோட்டுக்கு மேலே இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் கித்தான் பட்டையில் பாலம் கட்டியிருக்கிறார்கள். மரத்திலேயே வாழ்கிற குரங்கு, ரோட்டைக் கடக்கத் தரையில் இறங்கி வண்டிகளில் அடிபட்டுச் செத்ததால் வந்த ஏற்பாடு. நாங்கள் பார்க்கும்போதே ஒரு தாய் வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு அதன் மேல் நடந்து போனது. கீழே லாரி போனது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர்கள் நம்ம ஆட்கள்தான். ஒரு வேன் நின்றது, இறங்கிய குடும்பத்தில் பெரியவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். குரங்குகளைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு பையன் நிற்கிறான், அவன் ஓடி வந்து கும்பிட்டு, "ஐயா, கொடுக்காதீங்க, இதுக்குப் பழகினா ரோட்டுலயே உக்காந்துரும்" என்றான். "பாவம் பசிக்குது தம்பி, புண்ணியம்ப்பா" என்கிறார் அவர். பையன் மறுபடி கும்பிட்டான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படிக் கும்பிடுகிறானோ! கடைசியில் அந்த வீட்டுச் சின்னப் பெண்தான் தாத்தா கையிலிருந்து பாக்கெட்டைப் பிடுங்கித் தானே தின்றது, பிரச்சினை தீர்ந்தது.

மதியம் இரண்டு மணிக்கு மழை. தூறலெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டல். ஒரு மலையாளி அண்ணன் கடையில் ஒதுங்கிக் கப்பையும் மீன் குழம்பும் 90 ரூபாய்க்குச் சாப்பிட்டு, பழம்பொரியும் கட்டன் சாயாவுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காலையில் குடித்த டீக்கு இந்தக் கட்டன் எவ்வளவோ மேல். அங்கே உட்கார்ந்தபோதுதான் சட்டைக்குள் வயிற்றில் ஒரு அட்டை, திராட்சை அளவுக்கு ஊதிக்கிடந்தது. கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டுக் கொஞ்சம் உப்பை எடுத்து வந்தார், சட்டையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. "சின்னக்கல்லார் பக்கம் போயிருந்தா இதுக்கு மேல இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் அது ஒன்று.

மழை விட்டுத் திரும்பும்போது தேயிலைச் சரிவில் காட்டுமாடுகள். செடிக்கு மேலே முதுகு மட்டும் மிதக்கிறது, கீழே நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை. பத்தடி தள்ளி இரண்டு பெண்கள் விறகுக் கட்டோடு வந்தார்கள், மாட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலேயே பாதையிலிருந்து விலகி, ஒரு பெரிய அரைவட்டம் போட்டுச் சுற்றிப் போனார்கள். மாடும் நிமிரவில்லை.

ஆறரைக்கு விடுதிக்குத் திரும்புகிற வழியில் ஒரு கம்பத்து உச்சியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஜீப் அண்ணன் வண்டியை அணைத்துவிட்டார். அந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று அர்த்தம். 2011-லிருந்து இந்த விளக்குகள் இருக்கின்றன, யானையைப் பார்த்தவர் செல்போனிலிருந்தே எரிய வைக்கலாம். போன் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு யானை எங்கே நிற்கிறது என்று குறுஞ்செய்தியும் வரும். அண்ணன் போனில் வந்ததைக் காட்டினார், எந்த எஸ்டேட், எத்தனை யானை, எல்லாம் தமிழில்.

இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பின்னால் வண்டிகள் வந்து சேர்ந்தன, உள்ளூர்க்காரர்கள் விளக்கைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தினார்கள், வெளியூர்க் கார் ஒன்று மட்டும் ஹாரன் அடித்தது. அதற்கு நான்கைந்து பேர் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு அது அடிக்கவே இல்லை. ஜீப் அண்ணனின் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறியவர், இவருடைய பிள்ளைகள் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்கிறார். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இப்போது அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் அதிகமாம். "அவங்களுக்கு முதல்ல தமிழ் சொல்லிக் கொடுக்கறமோ இல்லையோ, இந்த லைட்டைச் சொல்லிக் கொடுத்துருவோம்."

யானையை நாங்கள் பார்க்கவில்லை. மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். விளக்கு அணைந்ததும் போனோம். ரோட்டில் யானைச் சாணம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு: இறக்கம்

எழுந்ததும் கால் முழுக்க அரிப்பு. கடிக்கும்போது வலிக்காத அட்டை மறுநாள் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. சொறியக் கூடாது என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே சொறிந்தார்.

இன்னும் ஒரு இடம் பார்த்துவிட்டு இறங்கலாம் என்பது அவர் கணக்கு, கயிறு கட்டிய ஷூவைக் காட்டி நான் மறுத்துவிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஆனால் விடுமுறை முடிந்து எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் இறங்கியதால் ஒன்பதாவது வளைவில் முக்கால் மணி நேரம் அசையவில்லை. பிரேக் கருகும் வாசனை, ஒரு பக்கம் குழந்தை வாந்தி. நான் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தேன், அந்த அம்மா செய்த மாதிரியே கீறிக் கொடுத்தேன், குழந்தை அதைக் கடித்துத் தின்றுவிட்டது.

ஆழியாறில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. அணை மீன் வறுவல் 120 ரூபாய், மசாலா கொஞ்சம் கருகியிருந்தாலும் மீன் புதுசு. சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா நோட்டைத் திறந்து பட்டியல் எழுதினார். சோலைமந்தி, கருமந்தி, மலையணில், காட்டுமாடு, வரையாடு, இருவாச்சி, எல்லாவற்றுக்கும் டிக். யானைக்கு என்ன போடுவது என்று யோசித்தார். மூங்கில் ஒடிந்ததைக் கேட்டோமே, டிக் போடுங்கள் என்றேன். "கேட்டதெல்லாம் கணக்குல வராது கண்ணு" என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இன்னொரு மீன் சொன்னார்.

சித்தியிடமிருந்து போன். துணிப்பையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வாசல் குழாயிலேயே உதறி அலசிவிட்டுத்தான் படி ஏற வேண்டும். சித்தப்பா சரி சரி என்று சொல்லிக்கொண்டே பேன்ட்டை முட்டி வரை தூக்கிப் பார்த்தார், ஒன்று இன்னும் இருந்தது.